பிக்கா, லார்ஜா?

ஆங்கிலத்தில் ‘பெரிய’ என்று சொல்ல முதலில் வாயில் வருவது பிக். அடுத்தது லார்ஜ். வீடு, பெட்டி, நாடு என்று வெறும் அளவைச் சொல்லும்வரை எதைப் போட்டாலும் சரிதான்.

அளவைத் தாண்டியதும் இரண்டும் பிரிந்துவிடும். பிக் பிரதர் என்றால் அண்ணன். லார்ஜ் பிரதர் என்றால் ஆள் பருமனான சகோதரன். அவன் தம்பியாகக்கூட இருக்கலாம்! பிக் மிஸ்டேக், பிக் டிசிஷன், பிக் டே எல்லாம் முக்கியத்துவத்தைச் சொல்பவை. அங்கே லார்ஜ் ஒட்டவே ஒட்டாது. பேச்சில் சந்தேகம் வந்தால் நான் பிக் பக்கம்தான் சாய்வேன்.

எழுத்தில் கதை வேறு. லார்ஜ் நம்பர், லார்ஜ் அமவுன்ட் என்று எண்ணிக்கையும் தொகையும் வரும் அறிக்கைகளில் பிக் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். சட்டை அளவிலும் லார்ஜ்தான்.

லார்ஜ் பிரெஞ்சு வழியாக வந்த சொல். லத்தீன் மூலமான லார்கஸுக்கு ‘தாராளமான’ என்று பொருள். அப்புறம், குற்றவாளி ‘அட் லார்ஜ்’ என்று செய்தியில் வந்தால் அவன் உருவத்தைத் தேடாதீர்கள். இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.