கார்புரேட்டர் ஒழுகினால்: கழுவுவதா, கிட் போடுவதா, புதிது வாங்குவதா?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை மாசு விதி வந்த பிறகு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் புதிய பைக்குகளில் அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் விற்ற ஸ்ப்ளெண்டரும் பல்சரும் ஷைனும், அவற்றுக்கும் மூத்த ஆர்எக்ஸ்100, வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் போன்றவையும் இன்னும் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வண்டிக்கு அடியில் பெட்ரோல் சொட்டினால் மூன்று யோசனைகள் காதில் விழும்: கழற்றிக் கழுவு, ரிப்பேர் கிட் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) போடு, கார்புரேட்டரையே மாற்று. மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகளுக்கான மருந்து. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பெரும்பாலான வண்டிகளில் கம்பெனி போட்ட பித்தளைப் பாகங்களை (பெட்ரோல் போகும் நுண்துளையுள்ள ஜெட்டுகள் போன்றவை) அப்படியே வைத்துக்கொண்டு, ரப்பர் பாகங்களை மட்டும் ஒரிஜினலாக வாங்கி மாற்றுவதே சரியான வழி. முழு கிட்டும் புதிய கார்புரேட்டரும் அடுத்த கட்டம்.

முதலில், எங்கிருந்து ஒழுகுகிறது?

கார்புரேட்டரை வெளிப்புறம் துடைத்துக் காயவிட்டு, மேலே முகப்பவுடர் தூவுங்கள். பெட்ரோல் டேப்பைத் திறந்து பத்து நிமிடம் காத்திருந்தால் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று பவுடரே காட்டிக்கொடுக்கும். பவுலும் (அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) உடலும் சேரும் விளிம்பில் ஈரம் என்றால் பவுல் கேஸ்கெட் அல்லது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். பவுலின் அடியில் என்றால் டிரெய்ன் ஸ்க்ரூ (பெட்ரோலை வடிக்கும் திருகு). டியூப் முனையில் என்றால் டியூப் அல்லது கிளிப். மிகுந்த பெட்ரோலை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டினால்தான் விஷயம் ஃப்ளோட் (பவுலில் மிதக்கும் மிதவை), ஃப்ளோட் நீடில் (மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி), சீட் (அந்த ஊசி உட்காரும் துளை) என்று உள்ளே போகிறது.

ஓவர்ஃப்ளோவில் சொட்டினாலும் குற்றவாளி நீடிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பவுலுக்குள் நிற்கும் பித்தளை ஓவர்ஃப்ளோ குழாயில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால், புது நீடில் போட்டாலும் ஒழுகல் நிற்காது. கிட்டுக்கு மேல் கிட் மாற்றியும் ஒழுகும் வண்டிகளில் இதையும் சோதித்துவிட வேண்டும். பவுலைத் தனியே கழற்றி, டிரெய்ன் ஸ்க்ரூவை இறுக்கி, அந்தக் குழாயின் வாய்க்குக் கொஞ்சம் கீழ்வரை பெட்ரோல் ஊற்றிக் காகிதத்தின் மேல் தூக்கிப் பிடியுங்கள். குழாய் வழியே காகிதம் நனைந்தால் விரிசல் உறுதி. ஈயப் பற்று வைக்கலாம், ஆனால் பவுலை முழுக்கக் கழுவி, பெட்ரோல் வாடையே இல்லாத அளவுக்கு உலர்ந்த பிறகுதான். இல்லையென்றால் பவுலை மட்டும் மாற்றலாம்.

இன்னொன்றையும் தள்ளிப்போடக் கூடாது. டேப்பும் சரியாக மூடாமல் நீடிலும் கசிந்தால், பெட்ரோல் இன்டேக் வழியே எஞ்சினுக்குள் இறங்கலாம். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது. ஒழுகலைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே எஞ்சினை ஓட்ட வேண்டும்.

வழி ஒன்று: கழுவுதல்

மாதக்கணக்கில் நின்ற வண்டி, சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, ஐடிலிங்கில் நிலைக்காமல் அணைந்துவிடுகிறது, ஆனால் ஒழுகல் இல்லை அல்லது எப்போதாவது மட்டும் சொட்டுகிறது: இதற்குக் கழுவினாலே போதும். காரணம் பைலட் ஜெட்டில் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறு ஜெட்) படிந்த பெட்ரோல் பிசின், அல்லது நீடிலுக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிய துருத்துகள். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. டேப்பை மூடி, டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து பவுலைக் காலிசெய்துவிட்டு, டேப்பைத் திறந்து கொஞ்சம் பெட்ரோலை ஓடவிட்டால் துகள் அடித்துக்கொண்டு போகும். ஒருமுறை இப்படி நின்ற ஒழுகல் மறுநாளே திரும்பினால், டேங்கில் துரு இருக்க வாய்ப்பு அதிகம். டேங்கைப் பார்க்காமல் கார்புரேட்டருக்கு எதைச் செய்தாலும் நிலைக்காது.

எதில் கழுவுவது? கார்ப் கிளீனர் ஸ்ப்ரே பிசினை நன்றாகக் கரைக்கும். ஆனால் அது ரப்பரை ஊதவைத்துவிடும். ஆகவே ஓ-ரிங், ஃப்ளோட் நீடில் எல்லாவற்றையும் எடுத்த பிறகே அடிக்க வேண்டும். பல்சர் போன்றவற்றிலுள்ள சிவி வகைக் கார்புரேட்டரின் மேல்மூடிக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற கறுப்பு ரப்பர்ச் சவ்வின்மீது ஒரு துளியும் படக் கூடாது. பட்டால் விரிந்து, திரும்ப அதன் பள்ளத்தில் உட்காராது. பெட்ரோலில் ஊறவைப்பது மலிவானது, ஆனால் கெட்டியான பச்சைப் படிவத்தை அது அசைக்காது. அல்ட்ராசானிக் தொட்டி உள்துளைகளுக்கு மிகச் சிறந்தது. வெந்நீரில் சோப்புத்திரவம் கலந்து பத்து நிமிடம் போட்டெடுத்து, உடனே காற்றடித்து உலர்த்த வேண்டும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் வேண்டவே வேண்டாம். அமிலம் அலுமினியத்தை அரிக்கும், பித்தளையிலிருந்து துத்தநாகத்தை உரித்து அதைச் செம்பு நிறமாக்கிவிடும். ஜெட் பளபளக்கும், துளை அளவு கெட்டிருக்கும்.

துளையில் ஊசி, குண்டூசி, டிரில் பிட் எதையும் விடாதீர்கள். கீஹின் கம்பெனி ஜெட்டில் 38 என்று இருந்தால் துளை ஏறக்குறைய 0.38 மி.மீ. அதில் ஒரு கீறலே கலவையை மாற்றிவிடும். மின்கம்பியைப் பிரித்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு பித்தளையைவிட மென்மையானது, ஜெட்டைக் காயப்படுத்தாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதிவையுங்கள். அடியில் முட்டியதும் நிறுத்திவிடுங்கள். இறுக்கினால் அதன் கூர்முனை நசுங்கி, உடலிலுள்ள துளையையும் விரித்துவிடும். அப்படி விரிந்த கார்புரேட்டருக்கு எந்தக் கிட்டாலும் ஐடிலிங் வராது. பவுல் ஸ்க்ரூக்களுக்கும் ஒரு சொல். இவற்றின் தலையில் இருப்பது பெரும்பாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வெட்டு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். பொருந்தும் முனையை வைத்து, பின்னால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகினால் கழன்றுவரும்.

வழி இரண்டு: கிட்

கடையில் கிடைக்கும் கிட்டில் ஃப்ளோட் நீடில், பவுல் கேஸ்கெட், ஓ-ரிங்குகள், மெயின் ஜெட் (முழு த்ராட்டிலுக்குப் பெட்ரோல் தருவது), பைலட் ஜெட், சிலவற்றில் ஜெட் நீடிலும் (த்ராட்டிலோடு ஏறியிறங்கும் நீண்ட ஊசி) நீடில் ஜெட்டும் (அந்த ஊசி நுழையும் குழல்) இருக்கும். பெயர் தெரியாத மலிவுக் கிட்டில் ஜெட்டுகளின் துளை அளவு நம்பத்தக்கதல்ல. எண் அதே எண்ணாக இருக்கும், துளை அதுவாக இருக்காது. கம்பெனி மாறினால் எண்ணின் பொருளே மாறும்: கீஹின் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கிறது, மிகுனியின் அறுகோண மெயின் ஜெட் எண் பெட்ரோல் ஓடும் அளவைக் குறிக்கிறது. ஒன்றின் 100ஐ எடுத்து மற்றொன்றில் போட்டால் அதே 100 வராது. பித்தளை ஜெட் அவ்வளவு எளிதில் தேய்வதில்லை, அடைக்க மட்டுமே செய்யும். பழைய ஒரிஜினல் ஜெட்டைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதே மேல்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஜெட் நீடிலும் அது ஏறியிறங்கும் நீடில் ஜெட்டும் ஒன்றோடொன்று உரசி நீள்வட்டமாகத் தேயும். அறிகுறி: ஐடிலிங் சரி, முழு த்ராட்டிலும் சரி, நடு ஓட்டத்தில் மட்டும் மைலேஜ் குறைந்து பிளக் கறுக்கிறது. அப்போது இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழைய ஜெட் நீடிலில் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருந்ததோ, புதியதிலும் அதிலேயே போடுங்கள்.

ரப்பரை மட்டும் தயங்காமல் மாற்றலாம். ஃப்ளோட் நீடிலின் முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். சீட் அழுத்திய இடத்தில் மோதிரம் போல வளையம் விழுந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இது முன்னைவிட முக்கியம். இ20 பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பரை ஊதவைத்து இறுகச் செய்கிறது, ஈரத்தையும் உறிஞ்சுகிறது. பெட்ரோலைத் தாங்கும் விட்டான் ரப்பர் முனை கொண்ட நீடில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஃப்ளோட் நீடில் மாற்றினால் சீட்டையும் கவனிக்க வேண்டும். மிகுனி விஎம் வகையில் சீட்டை மரை திருகிக் கழற்றலாம். அதன் அடியிலுள்ள வாஷர் கசிந்தாலும் நீடில் கசிவதுபோலவே தோன்றும். கீஹினின் சிறிய கார்புரேட்டர்களில் சீட் பெரும்பாலும் உடலோடு அழுத்திப் பொருத்தப்பட்டது. லேசான படிவம் என்றால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் பித்தளை பாலிஷ் தொட்டு, விரல்களால் இருபது முப்பது தடவை சுழற்றினாலே மின்னும். குழி விழுந்திருந்தால் கிட் உதவாது.

பிறகு ஃப்ளோட் உயரம். இதைத் தவிர்த்துவிட்டால் முழு வேலையும் வீண். பவுல் இல்லாமல் கார்புரேட்டரைச் சாய்த்து, ஃப்ளோட்டின் நாக்கு நீடிலின் சிறு ஸ்பிரிங் பின்னைத் தொடும், ஆனால் அமுக்காது என்ற நிலையில் பிடித்து, கேஸ்கெட் தளத்திலிருந்து ஃப்ளோட்டின் உச்சிவரை அளக்க வேண்டும். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே சரியான எண். நாக்கு துளியளவு வளைந்தாலே ஃப்ளோட் இரண்டு மூன்று மி.மீ. நகரும். நாக்கு பிளாஸ்டிக் என்றால் வளைக்க முடியாது, ஃப்ளோட்டையே மாற்ற வேண்டும். பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வந்தால் ஓட்டை. காதருகே ஆட்டினால் உள்ளே சலசலத்தாலும் அப்படித்தான்.

சரிபார்க்க: கார்புரேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெட்ரோல் வரும் முனையில் சுத்தமான டியூப் மாட்டி ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் தடையின்றிப் போக வேண்டும்.

சிலிக்கான் பேஸ்ட்டும் டெஃப்லான் டேப்பும் கார்புரேட்டருக்குள் நுழையவே கூடாது. பேஸ்ட் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து பைலட் துளைக்குள் போய் உட்காரும். பிறகு அதை எடுப்பது பழைய ஒழுகலைவிடப் பெரிய வேலை.

வழி மூன்று: புதிது

சீட் குழிந்திருந்தாலோ, மிக்சர் ஸ்க்ரூத் துளை விரிந்திருந்தாலோ, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு ஓடும் சுவர் தேய்ந்து ஐடிலிங் ஏறியிறங்கினாலோ, உடல் விரிசல் விட்டிருந்தாலோ வேறு வழியில்லை. அப்போதும் ஒரிஜினலுக்கும் நகலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. ஒரிஜினல் விலை அதிகம், ஆனால் உங்கள் எஞ்சினுக்கென்றே ஜெட் அளவு போட்டு வருகிறது. நகல், “எல்லா 150 சிசிக்கும் பொருந்தும்” என்று வரும். அப்படி எந்தக் கார்புரேட்டரும் பொருந்துவதில்லை. சில மாடல்களில் கார்புரேட்டரிலேயே த்ராட்டில் பொசிஷன் சென்சார் இருக்கும். நகலில் அதற்கு இடமிருக்காது, இக்னிஷன் டைமிங்கும் சேர்ந்து கெடும். நகலைப் போடுவதைவிட, அதே மாடலின் நல்ல நிலையிலுள்ள பழைய ஒரிஜினலை வாங்கி, புது ரப்பர் போட்டு மாட்டுவதையே நாங்கள் சொல்வோம்.

டியூப், டேப்

ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூப் சில மாதங்களில் கல்லாகி முனையில் வெடிக்கும். பெட்ரோலுக்கென்றே விற்கும் நைட்ரைல் ரப்பர் டியூப் வாங்குங்கள். உள்விட்டத்தைப் பழையதோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். மெல்லிய டியூபுக்கு ஸ்பிரிங் கிளிப் போதும். ஸ்க்ரூ கிளிப்பை இறுக்கினால் டியூபையே வெட்டும். டேப் மூடியும் சொட்டினால் உள் வாஷர் தேய்ந்திருக்கிறது. சில மாடல்களுக்கு வாஷர் தனியே கிடைக்கும், கிடைக்காதவற்றில் முழு டேப்பையும் மாற்றுங்கள். டேங்க் தையலில் கசிந்தால் எம்-சீல் ஓரிரு நாள் ஓட்டத்துக்கு மட்டும். வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. வெளியே காலியாகத் தெரியும் டேங்குக்குள் ஆவி நிறைந்திருக்கும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். இந்த வேலைக்கு மொட்டைமாடியோ திறந்த முற்றமோதான் இடம். அடுப்பு, பூஜை விளக்கு, இன்வெர்ட்டர் இருக்கும் அறைப் பக்கம் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வடித்த பெட்ரோலை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

மாட்டிய பின் எஞ்சினைச் சூடாக்கி மிக்சரைச் சரிசெய்யலாம். ஸ்க்ரூ ஏர்ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் பெட்ரோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர்மாறு. இ20இல் ஓடும் பழைய வண்டி சோக்கை விட்டதும் திக்கினால், ஜெட்டை மாற்றும் முன் பெட்ரோல் கூடும் திசையில் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். பிறகு டேப்பைத் திறந்தபடி, ஓவர்ஃப்ளோ குழாயின் கீழ் வெள்ளைக் காகிதம் விரித்து, திறந்த வெளியில் ஒரு மணி நேரம் பக்கத்திலிருந்து கவனியுங்கள். முதலில் மெயின் ஸ்டாண்டில், அடுத்து சைடு ஸ்டாண்டில். சைடு ஸ்டாண்டில் மட்டும் சொட்டினால் ஃப்ளோட் உயரத்தை மறுபடி அளக்க வேண்டும்.