சத்தத்தைக் கூட்டக் குறைக்க: ஸ்லைடரா, பட்டனா, திருகா?

கட்டளை பிளாக்குகளை இணைத்தே ஆப் செய்ய உதவும் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டரில் பாட்டு ஓடும் சின்ன ஆப் ஒன்றைச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டை ஓட்டும் அதன் பிளேயர் என்ற உறுப்பின் வால்யூம் 0 முதல் 100 வரை. அதை விரலால் மாற்றும் மூன்று வழிகளையும் செய்து பார்த்த பிறகு, என் ஓட்டு, கோட்டில் குமிழை இழுத்து நகர்த்தும் ஸ்லைடருக்குத்தான்.

முதலில் கூட்டல், கழித்தல் பட்டன்கள். ஒரு தட்டுக்கு 10 என்று வைத்தால், பத்துத் தட்டில் அடியிலிருந்து உச்சிக்குப் போய்விடலாம். குலுங்கும் பேருந்திலும் கை தவறாது. ஆனால் சட்டென்று சத்தத்தை அடக்க வேண்டிய நேரத்தில் பத்து முறை தட்டப் பொறுமை இருக்காது.

திருகு, அதாவது வட்டமாகச் சுற்றும் குமிழ், பார்க்க அழகு. பழைய ரேடியோவைத் திருகிய கைகளுக்கு அது பிடித்துப்போகும். எனக்கும் பிடிக்கும். ஆனால் ரேடியோவில் இரண்டு விரலால் பிடித்துத் திருகினோம். இங்கே ஒற்றை விரலால் வட்டமடிக்க வேண்டும், அந்த விரலே திருகை மறைத்துவிடும். செய்வதும் லேசில்லை. விரல் தொடுவதை உணரும் கேன்வாஸ் என்ற வரைபரப்பில் படத்தை வைத்து, விரல் நிற்கும் கோணத்தைக் கணக்கிட வேண்டும். கோணம் 180-ஐத் தாண்டியதும் மைனஸ் 180-க்குத் தாவும். இதைக் கவனிக்காமல் விட்டால், மெதுவாக ஓடும் பாட்டு ஒரே நொடியில் உச்சத்துக்குப் போய் ஹெட்போனில் காதைப் பிளக்கும். முந்தைய கோணத்துக்கும் இப்போதைய கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதும், அந்த வித்தியாசம் 180-க்கு மேல் போனால் 360-ஐக் கழிப்பதும், மைனஸ் 180-க்குக் கீழே போனால் 360-ஐக் கூட்டுவதும்தான் வழி. 0, 100 இரண்டிலும் தடுப்பும் வைக்க வேண்டும். ஒரு வால்யூமுக்காக இவ்வளவு பாடு தேவையா?

ஸ்லைடருக்கு, குமிழ் நகரும்போதெல்லாம் இயங்கும் ஒரே ஒரு நிகழ்வு பிளாக் போதும். இழுக்கும்போதே சத்தம் மாறும், எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதும் கண்ணுக்குத் தெரியும். புதியவர்கள் பலரும் இடறுவது ஒரே இடத்தில்தான்: அதன் எல்லை 10 முதல் 50 வரை என்றே வரும். அதை 0, 100 என்று மாற்றாவிட்டால் முழுதாக இழுத்தாலும் வால்யூம் 50-ஐத் தாண்டாது, அடியில் வைத்தாலும் மௌனமாகாது.

அப்புறம், ஸ்லைடர் எண்ணை அப்படியே வால்யூமுக்குக் கொடுக்காதீர்கள். நம் காது நேர்க்கோட்டில் கேட்பதில்லை. 50 வைத்தால் பாதியாகக் குறைந்த மாதிரியே தோன்றாது. எண்ணை அதே எண்ணால் பெருக்கி 100-ஆல் வகுத்துக் கொடுங்கள். 50 என்பது 25 ஆகும், 20 என்பது 4 ஆகும். ராத்திரியில் குழந்தை தூங்கும்போது மெல்லிய சத்தத்தில் கேட்க, ஸ்லைடரின் கீழ்ப்பகுதி முழுவதும் அப்போதுதான் பயன்படும்.