உயர்த்திய ஜிம்னி: புஷ்ஷா, ஷொக்கா?

மலிவுக் கிட் (உயர்த்தும் பாகத் தொகுதி) போட்டு சுசுக்கி ஜிம்னி ஜீப்பை 2 அங்குலம் உயர்த்தியாயிற்று. கொட்டாவையில் அதிவேகப் பாதைக்கு ஏறி 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் அலைகிறது. திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வருவதுமில்லை. கராஜ் பாஸ்மார் உடனே கைகாட்டுவது புது ஷொக்கை (அதிர்வு தாங்கியை). பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நாலும் வாங்கினால் கைக்காசு கரைந்துவிடும். ஷொக் துள்ளலை அடக்கும், இந்த அலைச்சலை அல்ல.

உயர்த்தும்போது முன் அக்சில் சற்றுச் சுழன்று காஸ்டர் கோணம் (சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு, ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது) குறைகிறது, நோய் அங்கேதான். துளை மையம் விலகிய காஸ்டர் புஷ் (அக்சிலைப் பிடிக்கும் கையில் ஏற்றும் உறை) அந்தக் கோணத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஏற்றுவதற்குப் பிரஸ் வேண்டும். திசை மாற்றிப் போட்டால் இன்னும் மோசம் (கிட்ட நின்று பாருங்கள்). என் தெரிவு புஷ்தான். குழியில் விழுந்து எழும்பி இரண்டு மூன்று தரம் ஆடினால் மட்டும் ஷொக். அக்சில் ஒரு பக்கம் தள்ளி நிற்பது வேறு கதை, அதற்கு நீளம் மாற்றக்கூடிய பனார்ட் ரொட் (அக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி).