எட்டு வார வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் பணி: பணம் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்

திருகோணமலையிலும் அதைச் சூழவுள்ள ஊர்களிலும் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருக்கும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் எட்டு வாரம் கோடைகால முகாமொன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் பணி என்று நம்பி, சென்ற ஆண்டு ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் 320,000 ரூபாய் கட்டினேன். இன்றுவரை அதில் 40,000 ரூபாய்தான் திரும்பக் கிடைத்திருக்கிறது. எனது முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயரை எழுதினாலும் அதனால் பெரிய பயன் இராது, ஏனெனில் நான் முறையிட்ட சில வாரங்களிலேயே அவர்கள் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார்கள். அவர்கள் எப்படிப் பேசினார்கள், எந்தத் தாள்களைக் காட்டினார்கள், எதற்கு எவ்வளவு வாங்கினார்கள் என்பது தெரிந்தால்தான் அடுத்தவர் தப்ப முடியும்.

நான் உவர்மலையில் வசிக்கிறேன். ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா முடித்து, நகரிலுள்ள தனியார் கல்வி நிலையமொன்றில் சாதாரண தர மாணவர்களுக்கு ஆறு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெளிநாட்டவர் வந்து நிறையும்போது, விடுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் பேச்சு ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பேன். தமிழை ஊன்றுகோலாகப் பிடிக்க வழியே இல்லாத ஒரு வகுப்பில் நின்று, ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்துப் பார்க்க வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. ஓகஸ்ட் விடுமுறையோடு சில வாரங்களைச் சேர்த்தால் போய்வரலாம், கல்வி நிலையத்து வேலையையும் இழக்க வேண்டியதில்லை என்பதால், ‘எட்டு வாரம்’ என்ற சொல்லே என்னை இழுத்தது.

பேருந்து நிலையத்துக்கு அருகில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்துத்தான் போனேன். நகரில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை காலை கூட்டம் நடந்தது, ஏறத்தாழ அறுபது பேர் இருந்தோம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். அவர்கள் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் பிரித்தானியா, தென்கொரியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளின் கொடிகள் அச்சிடப்பட்டிருந்தன. மாதம் 1,200 அமெரிக்க டொலர் சம்பளம், தங்குமிடமும் உணவும் இலவசம், பட்டம் கட்டாயமில்லை, அனுபவம் தேவையில்லை என்று எழுதியிருந்தது. மேசையில் கண்ணாடிச் சட்டமிட்ட பதிவுச் சான்றிதழ் ஒன்று எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. அது கல்வி ஆலோசனைச் சேவை என்ற பெயரில் பெறப்பட்ட வணிகப் பெயர்ப் பதிவு. கடையோ சலூனோ திறக்கிற எவரும் பெறக்கூடிய அந்தப் பதிவுக்கும், ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதற்கான உரிமத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் இருந்த ஓர் அக்கா எழுந்து, “வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டாமா?” என்று கேட்டார். அதிகாரி போல் பேசியவர் சிரித்துக்கொண்டே, “தங்கச்சி, இரண்டு மாதம்தானே? அது வீட்டு வேலைக்கும் நீண்ட கால வேலைக்கும் போறவைக்கு. இது முகாம், கலாசாரப் பரிமாற்றம்” என்றார். அந்த அக்கா அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அவர் கேட்ட கேள்வியே போதுமானது என்று இன்று நினைக்கிறேன். சம்பளம் தருவதாகச் சொல்லிவிட்டு, இது வேலை இல்லை என்றும் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும்.

பதிவுக் கட்டணம் 15,000 ரூபாயை அன்றைக்கே கட்டினேன். அடுத்து, ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணித்தியாலச் சான்றிதழ் கட்டாயம், அதைத் தங்கள் ஊடாகவே பெற வேண்டும் என்று சொல்லி 68,000 ரூபாய் வாங்கினார்கள். மே மாதம் வேலை விசாவுக்கும் வேலை அனுமதிக்கும் என 145,000, ஜூனில் விமானச்சீட்டுக்கு 92,000. இந்தக் கடைசி இரண்டு தொகைகளுக்காக அம்மா தனது காப்புகளை வங்கியில் அடகு வைத்தார். பணம் எதுவும் நிறுவனக் கணக்குக்குப் போகவில்லை, எல்லாமே தனிநபர் ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கே போனது. தந்த பற்றுச்சீட்டுகள் நான்கிலும் ‘ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படாது’ என்றே எழுதியிருந்தார்கள். விசா என்றோ விமானச்சீட்டு என்றோ ஓரிடத்திலும் ஒரு சொல் இல்லை. கையில் வாங்கிய நேரத்தில் தொகையைச் சரிபார்த்தேனே தவிர, அந்த வரியை வாசிக்கவில்லை.

சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களின் உண்மையான வியாபாரம் அதுதான் என்று நான் இப்போது கருதுகிறேன். 120 மணித்தியாலம் என்று பெயர் பெற்ற அந்தப் பாடநெறியை நான் பதினொரு மாலைகளில் முடித்தேன். காணொளி பார்த்துச் சரியான விடையைத் தெரிவு செய்வதைத் தவிர அதில் எதுவும் இல்லை. நான் ஒரு பிள்ளைக்காவது கற்பிப்பதை எவரும் பார்க்கவில்லை. இத்தகைய ஆங்கில ஆசிரியர் சான்றிதழ்களை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம், அந்தப் பெயருக்கு உலகளாவிய பாதுகாப்பு எதுவும் இல்லை. கேம்பிரிட்ஜின் செல்டா போன்ற மதிப்புள்ள சான்றிதழிலும் ஏறத்தாழ 120 மணித்தியாலம்தான், ஆனால் அதில் உண்மையான மாணவர்கள் முன்னால் ஆறு மணித்தியாலம் கற்பிக்க வேண்டும், பயிற்றுநர் பின்னால் அமர்ந்து மதிப்பிடுவார். மணித்தியால எண்ணிக்கையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்க வேண்டியதை விட்டுவிட்ட தாளொன்றுக்கே நான் 68,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வெளிநாடு போனார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. சான்றிதழ் விற்றாலே அவர்களுக்குப் போதும்.

நேர்முகத் தேர்வு சூம் வழியாக ஏழு நிமிடம் நடந்தது. எனது பெயர், வயது, விருப்பமான நிறம், கடலில் நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். மாதிரிப் பாடம் நடத்திக் காட்டச் சொல்லவில்லை. எங்கள் ஊர்த் தனியார் கல்வி நிலையத்தில்கூட அரை மணித்தியாலம் வகுப்பெடுக்க வைத்துப் பார்த்த பின்னர்தான் என்னைச் சேர்த்தார்கள். இரண்டு நாளில் ஒப்பந்தம் என்று இரண்டு பக்கம் மின்னஞ்சலில் வந்தது. வியட்நாமின் ஹோ சி மின் நகரிலுள்ள ஒரு மொழி மையத்தின் இலச்சினை மேலே இருந்தது. நாளுக்கு எத்தனை மணித்தியாலம், எந்த வயதுப் பிள்ளைகள், சம்பளம் எந்தத் திகதியில் என்ற விபரங்கள் எதுவும் அதில் இல்லை. கையொப்பமிட்டவரின் பதவி இருந்தது, பெயர் இல்லை.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது விசா வட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு ஆங்கிலம் கற்பித்த, இப்போது ஓய்வுபெற்றிருக்கும் சேரிடம் ஆசி வாங்கப் போன இடத்தில் அதைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் வாசித்தார். பிறகு, “பிள்ளை, இதில சுற்றுலா எண்டுதானே கிடக்கு. வேலை எங்க இருக்கு?” என்று கேட்டார். நான் பதில் தெரியாமல் நிற்க, அவரே வியட்நாம் குடிவரவுத் துறையின் இணையத்தளத்தைத் திறந்து காட்டினார். 2023 ஓகஸ்ட் 15 முதல் அந்நாடு எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை செல்லுபடியாகும் இலத்திரனியல் விசா வழங்குகிறது. ஒருமுறை நுழைவதற்கு 25 அமெரிக்க டொலர், பலமுறை நுழைவதற்கு 50 டொலர். எவரும் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். என்னிடம் 145,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்தது அந்த 25 டொலர் விண்ணப்பத்தைத்தான்.

அன்றிரவு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். “எல்லோரும் இப்படித்தான் போறவை, அங்க போனதும் மாத்தலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில கேட்டால் சுற்றுலா எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றார்கள். அதிகாரியிடம் பொய் சொல்லும்படி என்னைத் தயார்செய்கிறார்கள் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. விமானச்சீட்டைக் கேட்டேன். பயண விபரத்தாள் ஒன்றை அனுப்பினார்கள். அதில் முன்பதிவுக் குறியீடு இருந்தது, பணம் கட்டி வாங்கிய சீட்டில் இருக்க வேண்டிய 13 இலக்கச் சீட்டு எண் இல்லை. விமான நிறுவனத்தைத் தொடர்புகொண்டபோது, அந்த முன்பதிவு பணம் செலுத்தப்படாததால் ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது என்றார்கள்.

மறுநாள் மொழி மையத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்த முகவரிக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. அப்படியொரு முகவரைத் தங்களுக்குத் தெரியாது என்றும், கோடை வகுப்புகளுக்கு ஏற்கெனவே அந்நாட்டில் வேலை அனுமதியுடன் இருக்கும் ஆசிரியர்களையே எடுப்பதாகவும் எழுதியிருந்தார்கள். இந்தப் பதிலைப் பெற எனக்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. ஏப்ரலிலேயே எழுதியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அதன் பின்னர்தான் துண்டுப்பிரசுரத்தில் இருந்த நான்கு நாடுகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். வியட்நாமில் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிக்கு வேலை கொடுப்பவரே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் பட்டச் சான்றிதழ் கேட்கப்படும், அதையும் பொலிஸ் நற்சான்றிதழையும் தூதரக வழியில் உறுதிப்படுத்த வேண்டும், மருத்துவச் சோதனையும் உண்டு. அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால், அந்நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க ஆணைப்படி 150 இலட்சம் முதல் 250 இலட்சம் டொங் வரை அபராதமும் நாடுகடத்தலும் கிடைக்கும். எட்டு வாரத்துக்காக இவ்வளவு அலைச்சலையும் செலவையும் ஒரு நிறுவனம் தூரத்திலிருந்து வரும் புதியவருக்காக ஏற்றுக்கொள்ளுமா என்று நிதானமாக யோசித்திருந்தால், அந்தக் குறுகிய காலமே சந்தேகத்தை எழுப்பியிருக்க வேண்டும். என்னை இழுத்ததும் அதுதான், ஏமாற்றியதும் அதுதான்.

தாய்லாந்தில் ஜூலை, ஓகஸ்ட் கோடை முகாம் என்று அச்சிட்டிருந்தார்கள். அங்கே பாடசாலைகளின் நீண்ட கோடை விடுமுறை மார்ச் முதல் மே நடுப்பகுதி வரைதான், ஜூலையில் முதலாம் தவணை நடந்துகொண்டிருக்கும். தென்கொரியாவில் மொழி ஆசிரியருக்கான ஈ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே பொதுவாக வழங்கப்படுகிறது. எங்கள் ஊரிலிருந்து கொரிய மொழிப் பரீட்சை எழுதிப் போகும் இளைஞர்கள் பணியகத்தின் ஊடாக ஈ-9 விசாவில் தொழிற்சாலைக்கும் மீன்பிடிக்கும் போகிறவர்கள், அதற்கும் ஆசிரியர் பணிக்கும் சம்பந்தமில்லை. பிரித்தானியாவில் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கோடைகால ஆங்கிலப் பள்ளிகள் உண்மையாகவே நடக்கின்றன, ஆசிரியர்களையும் சில வாரங்களுக்கு எடுக்கிறார்கள். ஆனால் அந்நாட்டில் வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே உள்ளவர்களைத்தான் எடுக்க முடியும், வருகையாளர் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. உள்ளூரில் பிறந்தவர்களும் அங்கேயே படிப்பவர்களும் செய்யும் பருவகால வேலையை, எங்கள் கடவுச்சீட்டுக்கும் பொருந்தும் என்று காட்டி விற்றிருக்கிறார்கள்.

நான் போகாமல் தப்பியதை எனது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். கணினி வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைக்கப்பட்ட இலங்கையர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டதும், 2024 இலும் 2025 இலும் அவர்களில் சிலர் மீட்கப்பட்டதும் செய்திகளில் வந்தவை. என்னை அழைத்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் சுற்றுலா விசாவில், பணியகப் பதிவு இல்லாமல், முகவரி உறுதியில்லாத ஓரிடத்துக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு ஏதேனும் நடந்தால், அவள் அங்கே இருப்பதற்கான பதிவுகூட எங்கள் நாட்டில் இராது. அம்மாவுக்கு இதை நான் இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை.

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்ப்பது குற்றம். வேலை எட்டு வாரமா எட்டு ஆண்டா என்பது அதை மாற்றாது. உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்தில் உள்ளது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் கேட்கலாம், நான் கேட்டேன். அந்த நிறுவனத்தின் பெயரில் உரிமம் எதுவும் இல்லை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்தது.

பணியகத்திலும் பொலிஸிலும் முறையிட்டபோது மிகவும் உதவியவை, வங்கி வைப்புச் சீட்டுகளும் அழிக்காமல் வைத்திருந்த வட்ஸ்அப் குரல் பதிவுகளும்தான். ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதிய பற்றுச்சீட்டைக் காட்டி அவர்கள் வாதாடினார்கள், ஆனால் ‘வேலை விசாவுக்கு 145,000 போடுங்கோ’ என்று அவர்கள் தங்கள் குரலிலேயே சொன்னது என்னிடம் இருந்தது. அதற்குப் பிறகுதான் 40,000 ரூபாய் தந்தார்கள், மிகுதிக்குத் தவணை கேட்டிருக்கிறார்கள். அம்மாவின் காப்புகள் இன்னும் வங்கியில் இருக்கின்றன. நான் மாலை வகுப்புகளைக் கூட்டி வட்டியைக் கட்டி வருகிறேன்.

சென்ற வாரம் வேறு பெயரில், அதே நான்கு கொடிகளுடன், ஒரு பதாகையை மீண்டும் பேருந்து நிலையப் பக்கம் கண்டேன். தொலைபேசி இலக்கம் பழையதுதான். என்னோடு அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எவரேனும் பணம் கட்டியிருந்தால், தனியே நிற்க வேண்டாம். எனது முறைப்பாட்டின் பிரதியையும் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு உங்களோடு பணியகத்துக்கு வரத் தயாராக இருக்கிறேன். இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மூதூரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை, அவள் கட்டிய 83,000 ரூபாய்க்கு ஒரு பற்றுச்சீட்டுகூட அவளிடம் இல்லை. அவளது வங்கியிலிருந்து கணக்கு அறிக்கை எடுக்க வரும் திங்கட்கிழமை நாங்கள் சேர்ந்து போகிறோம்.