நாலு கடதாசி, ஒரு கடல்: அணுகுண்டைத் தடுக்கும் ஒப்பந்தங்களில் எது திருமலைக்கு உதவும்?

துறைமுகம் ஆழமாக இருந்தால் சண்டையும் தேடி வரும் என்பது திருகோணமலைக்காரருக்குத் தெரியும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. நாங்கள் யாரோடும் பகைக்கவில்லை; பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் வைத்திருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு நிலைமை என்ன? இந்தியாவின் அணு ஏவுகணை சுமக்கும் அரிஹந்த் நீர்மூழ்கி 2022 ஒக்டோபரில் எங்கள் வாசலில் உள்ள வங்காள விரிகுடாவில் ஏவுகணை விட்டுப் பார்த்தது. தென்மேற்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டரில் டியேகோ கார்சியாத் தீவு. அணுகுண்டு சுமக்கக்கூடிய அமெரிக்க பி-2 விமானங்கள் 2025இல் அங்கே வந்து நின்றன.

இதற்கெல்லாம் கடிவாளம் போடவென்று நாலு கடதாசிகள் இருக்கின்றன. நாலிலும் இலங்கைக்குப் பங்கு உண்டு.

மூத்தது 1970இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 1967 ஜனவரி 1க்கு முன் குண்டு வெடித்துப் பார்த்த ஐந்து நாடுகளும் வைத்திருக்கலாம், மற்றவர்கள் செய்யவே கூடாது என்பது அதன் அடிப்படை. அநியாயம்தான். ஐந்து பேரும் ஆயுதக் களைவுக்காக நேர்மையோடு பேச வேண்டும் என்ற 6ஆம் பிரிவு அரை நூற்றாண்டாகக் கிடப்பில் கிடக்கிறது. ஆனாலும் இதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. 1970களில் 15 முதல் 25 நாடுகளிடம் குண்டு இருக்கக்கூடும் என்று 1963இல் கென்னடி அஞ்சினார், இன்று ஒன்பது. யுரேனியத்தை நிறுத்துப் பார்த்து, முத்திரை வைத்து, கமரா பூட்டிக் கண்காணிக்கும் சர்வதேச அணுசக்தி முகமை ஆய்வாளர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இளையது 2017இல் 122 நாடுகள் வாக்களித்து நிறைவேற்றிய அணுவாயுதத் தடை ஒப்பந்தம். இலங்கை 2023இல் சேர்ந்தது. வைத்திருப்பதே சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொல்கிறது. சோதனைகளால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவும் கடமையையும் எழுதி வைத்திருக்கிறது. அதற்காகவே இதை மதிக்கிறேன். ஆனால் குண்டு வைத்திருக்கும் ஒன்பதில் ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

மூன்றாவதில் எங்கள் நாடே முன்னின்றது. இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் ஐ.நா. தீர்மானம், 1971 டிசம்பர். சிறிமாவோ அரசு எடுத்த அந்த முயற்சியில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டாது. அதே பத்தாண்டில்தான் டியேகோ கார்சியா அமெரிக்கப் படைத்தளமாக வளர்ந்தது.

நாலாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. 1996இல் கையெழுத்துக்கு வந்த முழுமையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம். சட்டப்படி இன்னும் அமுலுக்கு வரவில்லை. கட்டாயம் உறுதிப்படுத்த வேண்டிய 44 நாடுகளில் இந்தியா, பாகிஸ்தான், வடகொரியா கையெழுத்தே போடவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்தோடு நின்றுவிட்டன. ரஷ்யா 2023இல் உறுதிப்பாட்டை மீளப் பெற்றது. இலங்கையும் 27 ஆண்டு இழுத்து, 2023இல்தான் உறுதிப்படுத்தியது. இத்தனைக்கும் அதன் காதுகள், அதாவது எங்கே குண்டு வெடித்தாலும் கண்டுபிடிக்கவென்று வைத்த கண்காணிப்பு நிலையங்கள், ஏற்கனவே வேலை செய்கின்றன.

என் மாமா கடலட்டை எடுக்கும் சுழியோடி. யாரோ டைனமைட் போட்டு மீன் பிடித்தால், படகே கண்ணில் படாத தூரத்தில் இருந்தும் அவருக்குத் தெரிந்துவிடும். "மேல நிக்கிறவனுக்கு ஒண்டும் கேக்காது தம்பி. கீழ நெஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்" என்பார். ஒலி நீரில் விநாடிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஓடும். வெப்பக் கடல்களில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு படை இருக்கிறது. அதற்குள் சிக்கிய ஒலி மேலும் கீழும் சிதறாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அங்கேதான் ஒலிவாங்கிகளை மும்மூன்றாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எது முதலில் கேட்டது என்பதை வைத்துத் திசையைக் கண்டுபிடிப்பார்கள். உலகில் இப்படி ஆறு நிலையங்கள். அதில் மூன்று எங்கள் சமுத்திரத்தில்: ஆஸ்திரேலியாவின் கேப் லூவின், பிரான்சின் க்ரோசே தீவுகள், அப்புறம் டியேகோ கார்சியா. ஆம், அமைதி வலயத்தைக் கெடுத்த அதே தீவு.

நிலத்தின் அதிர்வைக் கேட்கும் கருவி ஒன்று கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் இருக்கிறது. 2006இல் வடகொரியா நிலத்தடியில் வெடித்த ஒரு கிலோடன்னுக்கும் (ஆயிரம் தொன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம்) குறைவான குண்டையே இந்த வலைப்பின்னல் பிடித்துவிட்டது. 2017இல் காணாமல் போன அர்ஜென்டினா நீர்மூழ்கியின் கடைசிச் சத்தத்தைக் கேட்ட இரண்டு நிலையங்களில் ஒன்று க்ரோசே.

குறை இல்லையா? உண்டு. வெடிக்காமல் குண்டைப் பராமரிப்பதை இது தடுக்காது. அமெரிக்கா 1992க்குப் பிறகு வெடித்துப் பார்க்கவில்லை. கணினியாலும், தொடர்வினை மூளாத சிறு பரிசோதனைகளாலும் பழைய குண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது.

இருந்தும் எனக்கு இதுதான் முதலாவது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து, கடல் எங்கள் ஊருக்குள் வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அதிர்வை அந்தக் கருவிகள் பதிந்தன. ஆனால் அந்தத் தரவை ஆழிப்பேரலை எச்சரிக்கைக்குக் கொடுக்கும் ஏற்பாடு அன்றைக்கு இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எச்சரிக்கை மையங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். மாமாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்டைக்கே குடுத்திருக்கலாமே" என்றார்.