வீட்டில் காய்ச்சும் பீர், கடையில் வாங்கும் பீர்: லண்டனில் சில வருட அனுபவம்

வீட்டில் பீர் காய்ச்ச ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் பேச ஆரம்பித்ததும் பெரும்பாலும் ஹேஸி ஐபிஏ என்னும் பீர் வகையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கலங்கலான மஞ்சள் நிறம், மாம்பழமும் ஆரஞ்சும் கலந்த வாசனை, கேன் ஒன்று ஆறேழு பவுண்ட். இதையே வீட்டில் செய்துவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். பல வருடங்களாக லண்டனில் ஒரு சின்ன சமையலறையில் காய்ச்சிக்கொண்டும், அதே அளவு ஆர்வத்தோடு கடைகளிலும் பப்களிலும் வாங்கிக் குடித்துக்கொண்டும் இருக்கும் எனக்கு இதில் நேர் எதிரான கருத்து இருக்கிறது. ஹேஸி ஐபிஏவையும் லாகரையும் (குளிரில் மெதுவாகப் பொங்கவிடும் தெளிந்த பீர்) கடையில் வாங்குங்கள். டார்க் மைல்ட் (ஆல்கஹால் குறைந்த, கசப்புக் குறைந்த கறுப்பு பீர்), பிட்டர் (ஆங்கிலேயர்களின் கசப்பான செம்பழுப்பு பீர்), போர்ட்டர் (வறுத்த தானியச் சுவை கொண்ட கறுப்பு பீர்) இந்த மூன்றையும் வீட்டில் காய்ச்சுங்கள்.

முதலில் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. என்னிடம் இருப்பது 30 லிட்டர் கொள்ளும் மின்சாரப் பாத்திரம், உள்ளே ஓட்டை போட்ட கூடை, அடியில் பம்ப். மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லியை) ஊறவைப்பது, வடிப்பது, கொதிக்க வைப்பது எல்லாம் இந்த ஒரே பாத்திரத்தில் நடந்துவிடும். கோதுமையோ ஓட்ஸோ அதிகம் சேர்த்தால் பம்ப் அடைத்துக்கொள்கிறது, வெப்பத்தைக் காட்டும் திரை ஓரிரண்டு டிகிரி கூடக் காட்டுகிறது, மற்றபடி உழைக்கிறது. ஆனால் இந்தப் பாத்திரம் இல்லாமலும் நல்ல பீர் காய்ச்சலாம். பெரிய அலுமினிய டேக்ஷாவும் நல்ல துணிப்பையும் போதும். பணம் செலவழிக்க வேண்டியது வேறு இடத்தில்.

அந்த வேறு இடம் பழைய ஃபிரிட்ஜ். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானாகவே சூடு கிளப்பும், வேகமாகப் பொங்கும் முதல் இரண்டு மூன்று நாளில் உள்ளே இருக்கும் பீர் அறையின் வெப்பத்தைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகக்கூடப் போய்விடும். அறை 21 டிகிரி என்றால் பீர் 25ஐத் தொடும், அந்த வெப்பத்தில் வேலை செய்த பல ஆங்கிலேய ஈஸ்ட்கள் பெயின்ட் தின்னர் மாதிரி வாசனையும் மண்டையிடிக்கிற காரமான ஆல்கஹாலும் கொடுத்துவிடும். பல தமிழ் வீடுகளில் குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்குவதற்காக வெந்நீர் டாங்கி இருக்கும் அலமாரியில் வைப்பது வழக்கம், பீரையும் அங்கேயே வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். யாரோ வீடு மாறும்போது தூக்கிக் கொடுக்கிற ஃபிரிட்ஜ் ஒன்று, அதோடு வெப்பத்தைப் பார்த்துத் தானாக அணைத்துப் போடும் சின்னக் கருவி ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல பாத்திரத்தின் விலையில் கால்வாசிகூட ஆகாது. 18 அல்லது 19 டிகிரியில் பிடித்து வைத்தால் சாதாரண ஈஸ்ட்கூட அழகாக வேலை செய்கிறது. என் பீர்களில் ஏற்பட்ட பெரிய முன்னேற்றம் இந்த ஃபிரிட்ஜால் வந்தது, வேறு எதனாலும் இல்லை.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன என் கருத்துக்கு இதுதான் பாதிக் காரணம்.

லண்டன் தண்ணீர் கடினமானது. கெட்டிலில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு எல்லோருக்கும் தெரியும். அதில் பைகார்பனேட் அதிகம். வெளிர் நிற மால்ட்டை இந்தத் தண்ணீரில் ஊறவைத்தால் கலவையின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) இருக்க வேண்டிய 5.2 முதல் 5.6 வரையிலான அளவைத் தாண்டிப் போய்விடும். நொதிகள் சரியாக வேலை செய்யாது, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கும் பூவான ஹாப்ஸின் கசப்பும் நாக்கைச் சுரண்டும். கருக வறுத்த மால்ட்டில் அமிலத்தன்மை இருப்பதால் அது அந்தப் பைகார்பனேட்டைச் சமன் செய்துவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் போர்ட்டர் லண்டனில் வளர்ந்ததற்கும், ஜிப்சம் நிறைந்த தண்ணீர் கிடைக்கும் பர்ட்டன் ஊர் பேல் ஏல் என்னும் வெளிர் நிற பீருக்குப் பேர் வாங்கியதற்கும், மிக மென்மையான தண்ணீர் இருக்கும் செக் நாட்டுப் பில்சன் நகரில் 1842இல் பொன்னிற லாகர் பிறந்ததற்கும் பின்னால் இந்த வேதியியலுக்கு நல்ல பங்கு உண்டு. லண்டன் குழாயைத் திறந்து அப்படியே பிடித்த தண்ணீரில் டார்க் மைல்ட் காய்ச்சினால் வாய்க்கு மெத்தென்று வரும். அதே தண்ணீரில் பில்சனர் காய்ச்சினால் குடிக்க மனம் வராது. லாக்டிக் அமிலம் சேர்த்தோ, கனிமம் குறைந்த ஆஷ்பெக் பாட்டில் தண்ணீர் வாங்கியோ சரி செய்யலாம்தான், இங்கே வீட்டில் காய்ச்சுபவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அந்தப் பாட்டில்களைத் தூக்கி வருவதில் ஆர்வமில்லை. ஊர்த் தண்ணீருக்கு எது ஒத்து வருகிறதோ அதைக் காய்ச்சுவதில் ஒரு நிறைவு இருக்கிறது.

எந்த பீர் காய்ச்சினாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மால்ட்டோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாசனை, பிளாஸ்திரி வாசனை வரும். கேம்ப்டன் மாத்திரையில் (சல்ஃபைட் மாத்திரை) பாதியைப் பொடித்து 25 லிட்டருக்குப் போட்டால் சில நிமிடங்களில் குளோரின் போய்விடும். ஒரு மாத்திரை சில பென்ஸ். நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்து ருசி பார்க்கச் சொன்ன பீர்களில் நான் அதிகம் கண்டுபிடித்த குறை இதுதான்.

இனி மைல்ட். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில காலம் வரைக்கும் இங்கிலாந்து பப்களில் அதிகம் ஓடியது இதுதான், அப்புறம் பிட்டரும் லாகரும் இதை ஓரங்கட்டிவிட்டன. இன்று லண்டனில் பத்து பப் ஏறி இறங்கினால் ஒன்றில் கிடைத்தால் பெரிது. பாரம்பரிய பீருக்காகப் பாடுபடும் கேம்ரா அமைப்பு மே மாதங்களில் இதற்காகவே பிரசாரம் நடத்துகிறது. 2023 ஆகஸ்டில் மது வரி மாறி, 3.5 சதவீதத்துக்குக் கீழான பீருக்கு வரி குறைந்தபோது மைல்ட் திரும்பி வரும் என்று நம்பினேன். பல பெரிய கம்பெனிகள் தங்கள் பழைய பீரையே 3.4க்கு இறக்கிக்கொண்டன, மைல்ட் வரவில்லை. கடையில் கிடைக்காத ஒன்றைக் காய்ச்சும்போதுதான் இந்த வேலைக்கு அர்த்தம் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் திரும்பத் திரும்பக் காய்ச்சும் அளவு 20 லிட்டருக்கு இப்படி: மாரிஸ் ஓட்டர் மால்ட் 2 கிலோ 800 கிராம், கிறிஸ்டல் மால்ட் 300 கிராம், சாக்லெட் மால்ட் (கருக வறுத்த மால்ட், சாக்லெட் கலந்தது இல்லை) 150 கிராம். 68 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறல். வழக்கமான 66ஐவிடக் கொஞ்சம் கூட வைப்பதற்குக் காரணம், அந்த வெப்பத்தில் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகம் மிஞ்சும், ஆல்கஹால் குறைந்த பீருக்கு அதுதான் கனம் கொடுக்கும். கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 30 கிராம், கொதிக்கும் நேரம் முழுவதற்கும். கடைசியில் சேர்க்க எதுவும் வேண்டாம். ஈஸ்ட் சேஃபேல் எஸ்-04, 18 டிகிரி. தண்ணீரை 1 என்று வைத்து அளக்கும் அடர்த்தி 1.036இல் ஆரம்பித்து 1.012 பக்கம் நிற்கும், ஆல்கஹால் 3 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். பாட்டிலில் அடைக்கும்போது மொத்தத்துக்கும் சேர்த்து 70 கிராம் சர்க்கரை போதும், நுரை அதிகம் வேண்டாத பீர் இது. காய்ச்சிய மூன்றாவது வாரம் குடிக்கத் தயார். சாக்லெட், கருப்பட்டி, லேசான வறுத்த கடலை வாசனை, முடிவில் இனிப்பும் இல்லாமல் கசப்பும் இல்லாமல் நிற்கும். மூன்று பாட்டில் குடித்துவிட்டும் மறுநாள் காலை வேலைக்குத் தெளிவாகப் போக முடிகிற பீர் இது, வார நாட்களில் எனக்கு இதைவிட எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டோடு எப்படி என்று பலர் கேட்கிறார்கள். காரச் சாப்பாட்டுக்கு ஐபிஏ பொருந்தும் என்று இங்கே பல உணவகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஹாப்ஸ் கசப்பும் ஆல்கஹாலும் கேஸும் மிளகாய் எரிச்சலைத் தூண்டிவிடும். தார்ன்பிரிட்ஜ் ப்ரூவரியின் ஜெய்ப்பூர் ஐபிஏ அருமையான பீர், 5.9 சதவீதம், 2005இலிருந்து வருகிறது, பேரிலேயே இந்தியா இருக்கிறது, ஆனால் மட்டன் சுக்காவோடு அதைக் குடித்தால் இரண்டுமே கெட்டுப்போகும். மால்ட் இனிப்பு கொண்ட மைல்டும் போர்ட்டரும் காரத்தைத் தணித்து, வறுத்த மசாலாவோடு ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் கருக வறுத்த தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கறியோடு என் போர்ட்டரைக் குடித்தபோது சாப்பாட்டு மேசையில் யாரும் வேறு எதையும் தொடவில்லை.

ஹேஸி ஐபிஏ ஏன் வேண்டாம் என்கிறேன்? எதிரி ஆக்சிஜன். அந்த பீரின் உயிரே கடைசியில் குளிர்ச்சியாகப் போடும் ஹாப்ஸ் வாசனைதான், லிட்டருக்கு எட்டுப் பத்து கிராம், அதற்கு மேலும் போடுவார்கள். 20 லிட்டருக்கு 200 கிராம் ஹாப்ஸ் வாங்கினாலே செலவு மைல்டின் மொத்தச் செலவைத் தாண்டும். பாட்டிலில் ஊற்றும்போது உள்ளே போகும் கொஞ்சக் காற்றே போதும், இரண்டு மூன்று வாரத்தில் நிறம் மங்கிச் சாம்பல் கலந்த பழுப்பாகி, மாம்பழ வாசனை போய் நனைந்த அட்டை வாசனை வந்துவிடும். தொழிற்சாலைகள் கேனை மூடும்முன் காற்றை வெளியேற்ற இயந்திரம் வைத்திருக்கின்றன, கேனில் வெளிச்சமும் படாது. வீட்டில் இதற்கு ஈடு கொடுக்க 19 லிட்டர் கெக் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்), கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், மூடிய குழாய்கள் எல்லாம் வேண்டும். அதையெல்லாம் வாங்கி அருமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பீரை ருசித்திருக்கிறேன், மரியாதை உண்டு. ஆரம்பிப்பவருக்கு அது வழி இல்லை. கறுப்பு பீரில் அதே அளவு ஆக்சிஜன் புகுந்தாலும் வறுத்த மால்ட்டின் சுவை அதை மறைத்துவிடும், பாட்டிலுக்குள் திரும்பப் பொங்கும் ஈஸ்ட்டும் காற்றில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

நன்றாகக் காய்ச்ச வேண்டுமானால் நல்லதைக் குடித்தும் பழக வேண்டும். 2009இல் பெர்மண்ட்சி பகுதியில் தொடங்கிய கெர்னல் ப்ரூவரியின் எக்ஸ்போர்ட் இந்தியா போர்ட்டர்தான் வறுத்த மால்ட்டும் ஹாப்ஸும் எப்படிச் சேர வேண்டும் என்று எனக்குக் காட்டியது. ஃபுல்லர்ஸின் பீர் காய்ச்சும் தொழிலை 2019இல் ஜப்பானின் அசாஹி வாங்கிய பிறகும் லண்டன் போர்ட்டர் பாட்டில் எனக்கு இன்னமும் ஒரு அளவுகோல். சசெக்ஸின் லூயிஸ் ஊரில் காய்ச்சும் ஹார்வீஸ் பெஸ்ட் என்னும் பிட்டர், 4 சதவீதம்தான், ஆனால் அதை நல்ல பப்பில் கேஸ்க்கிலிருந்து (வெளியிலிருந்து கேஸ் ஏற்றாத பீப்பாய்) 12 டிகிரியில் ஊற்றிக் குடித்தால் பலம் கூடிய பீர்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கேஸ்க் திறந்தால் மூன்று நாளைக்குள் தீர வேண்டும், அதனால் கூட்டம் வரும் பப்பாகப் பார்த்துப் போங்கள்.

ருசி பார்த்துக் கருத்துச் சொல்லும்போது நாங்கள் நண்பர்களுக்குள் ஒரு முறை வைத்திருக்கிறோம். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் பேச்சு. விலையுயர்ந்த ஈஸ்ட், விலை குறைந்த ஈஸ்ட் என்று நடந்த பல வாக்குவாதங்கள் இதில் தீர்ந்துபோயின, வித்தியாசத்தை யாராலும் சொல்ல முடியவில்லை. 18 டிகிரியில் பொங்கியதையும் 24இல் பொங்கியதையும் எல்லோரும் உடனே பிரித்துவிட்டார்கள்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம். வீட்டில் செய்தால் விஷமாகிவிடாதா என்ற பயம் நியாயமானது, 2024இல் கள்ளக்குறிச்சியில் போன உயிர்களை யாரும் மறக்கவில்லை. அங்கே கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். தானியத்தில் பொங்கும் பீரில் மெத்தனால் மிக மிகச் சொற்பம், அதைக் காய்ச்சி வடித்து அடர்த்தியாக்குவதும் இல்லை. ஆனால் சட்டம் வேறு. பிரிட்டனில் 1963க்குப் பிறகு சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவும் தயாரிப்பது குற்றம். இங்கே நான் எழுதியதைப் பார்த்து அங்கே முயற்சி செய்ய வேண்டாம்.

செலவு: மேலே சொன்ன மைல்டுக்கு மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், மின்சாரம் எல்லாம் சேர்த்துப் பதினைந்து பவுண்டுக்குள் அடங்குகிறது, அரை லிட்டர் பாட்டில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். நேரம் ஒரு முழுச் சனிக்கிழமைக் காலை, அதில் பாதி கழுவுவது. கழுவ அலுப்பவர்களுக்கு இது ஒத்து வராது, பாட்டிலின் அடியில் காய்ந்த படலம் ஒன்று இருந்தாலே அந்தப் பாட்டில் புளித்துவிடும்.

மான்செஸ்டர், கிளாஸ்கோ பக்கம் இருப்பவர்கள் யாராவது இதே அளவில் காய்ச்சிப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊர்த் தண்ணீர் மென்மையானது, சாக்லெட் மால்ட்டின் அமிலத்தைச் சமன் செய்ய அதில் சரக்கு இல்லை, அதனால் சுவையில் ஒரு கூர்மை, லேசான புளிப்பு தட்டும் என்று நினைக்கிறேன். பாதித் தொகுதிக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தும் மீதிக்குச் சேர்க்காமலும் செய்து, மூன்று கிளாஸ் வைத்து ருசி பாருங்கள்.