ராமநாதபுரத்திலிருந்து போய் ஒற்றைப் படிக எக்ஸ்ஆர்டி எடுத்து வந்தோம்: சேவை எப்படி?

கடற்கரைப் பக்கக் கல்லூரி ஒன்றில் வேதியியல் எடுக்கிறேன். எம்.எஸ்சி. பிள்ளைகளின் புராஜெக்டுக்காக ஒரு அணைவுச் சேர்மம் (உலோக அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிணைந்தது) செய்து, சென்னையில் ஒரு ஆய்வகத்தில் அதன் படிகத்துக்கு எக்ஸ்ஆர்டி எடுத்து வந்தோம். ஒரே ஒரு படிகத்தின் மேல் எக்ஸ் கதிரை விட்டு, அது சிதறுகிற விதத்தை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அது. இதற்கு முன்னால் வேறு ஒரு இடத்தில் கட்டணமும் போய், ஒன்றரை மாதமும் போனது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது டெட்ராஅம்மின் காப்பர் சல்பேட். புதுச் சேர்மம் இல்லை, அதன் அமைப்பு எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. தெரிந்ததைச் செய்தால்தான் வருகிற முடிவு சரியா என்று பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அடர் அம்மோனியாவை விட்டால் முதலில் வெளிர் நீலமாகத் திரிந்து வரும், இன்னும் விட விட அதுவும் கரைந்து இங்க் மாதிரி கருநீலமாகும். அதன்மேல் எத்தனாலைக் குழாயின் சுவரோரமாக மெதுவாக விட்டு, இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்க வைக்க வேண்டும். எத்தனால் கீழே இறங்க இறங்கக் கரைதிறன் குறைந்து படிகம் வளரும்.

முதல் தடவை ஒரு பையன் ஆசை தாங்காமல் குழாயை எடுத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்ததில் எல்லாம் பொடியாக இறங்கிவிட்டது. வாலிநோக்கத்துப் பெண் ஒருத்தி, வீட்டில் உப்பளத்து வேலை, "மேம், பாத்தியில தண்ணிய அலைச்சா கல்லு பெருசாகாது, பொடியாத்தான் விழும்" என்றாள். புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இருக்கிற விஷயம் அது. அடுத்த குழாயை அலமாரியின் மேல்தட்டில் வைத்து யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டோம். மூன்றாம் நாள் பார்த்தால் விரல்நக நீளத்துக்குக் கருநீல ஊசிகள்.

முதலில் அனுப்பிய இடத்துக்கு அதை வடிகட்டி, காயவைத்து, குப்பியில் போட்டுக் கூரியரில் அனுப்பினோம். எப்படி அனுப்ப வேண்டும் என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. இந்தப் படிகம் வெளியே இருந்தால் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும், மேல்பரப்பு வெளிறிப் பொடியாகும். "தகுந்த படிகம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கட்டணம் திரும்பவில்லை.

இந்த ஆய்வகத்தில் கருவியைப் பார்த்துக்கொள்கிறவர், பதிவு செய்வதற்கு முன்பே, போனில் கேட்ட முதல் கேள்வி "குப்பியத் திறந்தா வாசம் வருதா?" என்பதுதான். வருகிறது என்றேன். "அப்ப உடையுது. கரைசலை விட்டு வெளிய எடுக்காதீங்க, அப்படியே இறுக்கி மூடி நேர்ல கொண்டு வாங்க" என்றார். சின்னக் குப்பியில் கரைசலோடு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஐஸ் போட்ட தெர்மாஸில் வைத்து ராத்திரி ரயிலில் கொண்டு போனோம்.

அங்கே நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். கரைசலிலிருந்து நேராக ஒரு சொட்டு எண்ணெய்க்குள் ஊசிகளைப் போட்டார், காற்றுப் படவே இல்லை. நுண்நோக்கியில் முனைவாக்கிய ஒளியில் (ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி) தட்டைத் திருப்பச் சொன்னார். நல்ல படிகம் என்றால் முழுசும் ஒரே நேரத்தில் இருளும். பாதி இருண்டு பாதி மின்னினால் இரண்டு ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. நாங்கள் பெருமையாகக் கொண்டு போன பெரிய ஊசிகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. கடைசியில் ஒரு சின்னதை பிளேடால் 0.2 மில்லிமீட்டருக்கு நறுக்கி, நைலான் வளையத்தில் எடுத்து, மைனஸ் 123 டிகிரி நைட்ரஜன் காற்றில் வைத்தார். அந்தக் குளிரில் அம்மோனியா போகாது, அணுக்களின் ஆட்டமும் அடங்கும். ஒவ்வொன்றையும் பிள்ளைகளைச் செய்ய விட்டுப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

முடிவு நன்றாக வந்தது. நாம் வரைந்த அமைப்பு அளந்த தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் ஆர் மதிப்பு 3 சதவீதத்துக்குக் கீழே, குறையக் குறைய நல்லது. படிக வகை ஆர்த்தோராம்பிக், அதாவது அடிப்படைக் கட்டம் மூன்று பக்கமும் வேறு வேறு நீளமுள்ள செங்கல் வடிவம். செம்பைச் சுற்றி ஒரு சதுரமாக நாலு அம்மோனியா, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தூரத்தில், மேலே அதைவிடத் தள்ளி ஒரு தண்ணீர் மூலக்கூறு. பழைய முடிவோடு அப்படியே ஒத்துப்போனது. மயில்துத்தத்தில் ஐந்து தண்ணீர் இருந்தாலும் நாலுதான் செம்பைத் தொடும், ஐந்தாவது ஹைட்ரஜன் பிணைப்பில் தனியாக நிற்கும் என்று 1934இலேயே பீவர்ஸ், லிப்சன் என்ற இரண்டு படிக ஆய்வாளர்கள் காட்டியதை வருஷாவருஷம் பலகையில் எழுதுவேன். இந்தத் தடவை இரண்டு அமைப்பையும், படிக அமைப்பைத் திரையில் காட்டும் மெர்க்குரி மென்பொருளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுச் சுழற்றிப் பார்த்தார்கள். அந்த நாலு தண்ணீரின் இடத்தில் அம்மோனியா உட்கார்ந்திருப்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

குறையும் உண்டு. முன்பதிவுக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அறிக்கையோடு சிஐஎஃப் கோப்பு (கண்டுபிடித்த படிக அமைப்பின் விவரம் இருக்கும் கோப்பு) மட்டும்தான் தந்தார்கள், மூலத் தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இரண்டு குப்பியாகக் கொண்டு போங்கள். எங்களுடையதில் ஒன்றில் மூடி தளர்ந்து, விழுப்புரம் தாண்டுவதற்குள் படிகம் வெளிறிவிட்டது. மற்றதை வைத்துத்தான் எடுத்தோம்.